பத்து பூத்தேயும் பூலாவ் பீசாங்கும்: வாதத்துக்கு அடியில் கிடப்பது

ஜொகூரின் இரு பக்கத்துக் கடலிலும் சிங்கப்பூர் ஏற்றும் விளக்குகள் எரிகின்றன. மேற்கே, பொந்தியான் கரைக்கு அப்பால் மலாக்கா நீரிணையில் இருக்கிறது பூலாவ் பீசாங். கிழக்கே, சிங்கப்பூர் நீரிணை தென்சீனக் கடலோடு சேரும் வாயிலில் பத்து பூத்தே. சிங்கப்பூர்க்காரர்கள் அதைப் பெட்ரா பிராங்கா என்பார்கள். இரண்டிலும் உள்ள கலங்கரை விளக்கங்களை நடத்துவது சிங்கப்பூர்தான். ஆனால் பீசாங் மலேசிய மண். அதில் யாருக்கும் சந்தேகமில்லை, சிங்கப்பூருக்கும் இல்லை. பத்து பூத்தேயோ சிங்கப்பூருக்கு உரியது என்று ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றம் 2008 மே 23ஆம் தேதி தீர்ப்பளித்தது.

நடத்துகிறவர் ஒருவரே, முடிவு மட்டும் வேறு. இந்த இரண்டு தீவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அரசியல் காரணங்கள் ஏராளமாக இருக்கலாம். எனக்கு வேறொரு காரணம் உண்டு. சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளில் நம் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைக்கும் ஒரு கேள்வி வகையை விளக்க, இவ்வளவு பொருத்தமான எடுத்துக்காட்டைப் பயிற்றிகள் எதிலும் நான் பார்த்ததில்லை.

முதலில் கேள்வி வகை. ஒரு சிறு பத்தியில் ஒரு வாதம் இருக்கும். சில ஆதாரங்கள், அவற்றிலிருந்து ஒரு முடிவு. ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவே எழுதியவர் சொல்லாமல் விட்ட ஒன்று கிடக்கும். 'கீழ்க்காண்பவற்றில் எந்த எடுகோளை இந்த வாதம் நம்பியிருக்கிறது?' என்பது கேள்வி. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வு 1948இல் தொடங்கியது. 2024 ஆகஸ்டில் புதிர் வகைப் பகுதியை அது கைவிட்ட பிறகு, மதிப்பெண் உள்ள மூன்று பகுதிகளில் இரண்டு, இத்தகைய கேள்விகள் வரும் தருக்கப் பகுதிதான். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சில கேட்கும் எல்நாட் 2004இல் வந்தது. 95 நிமிடத்தில் 42 கேள்விகள், அவற்றுக்குப் பிறகு ஒரு கட்டுரை. லண்டனுக்கோ பிரிஸ்டலுக்கோ சட்டம் படிக்கப் போக நினைக்கும் ஜொகூர் பாரு மாணவர்கள் சந்திப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தியாவின் வங்கித் தேர்வுகளிலும் இதற்கு ஓர் உறவுமுறைக் கேள்வி உண்டு. 'இங்கே புகைபிடிக்காதீர்கள்' என்று ஓர் அறிவிப்பைக் கொடுத்து, அதில் உட்கிடையாக இருப்பது எது என்று கேட்பார்கள். அறிவிப்பு வைக்காவிட்டால் சிலர் புகைபிடிப்பார்கள் என்பது விடை. அங்கே நாம் தேடுவது பேசியவர் மனதில் என்ன இருந்தது என்பதை. எல்சாட்டும் எல்நாட்டும் அதைக் கேட்பதில்லை. எழுதியவர் என்ன நினைத்தார் என்பது அங்கே ஒரு பொருட்டே இல்லை. அவர் நினைத்தே பார்க்காத ஒன்றின்மேலும் அவருடைய வாதம் நின்றுகொண்டிருக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வரும் நூல்களை வைத்துப் பயிற்சி செய்துவிட்டு எல்நாட் எழுதப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டில் வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி நம் தீவுக்கு வருவோம். தேர்வில் வரக்கூடிய வடிவிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

'பத்து பூத்தேயில் கலங்கரை விளக்கத்தைக் கட்டியது சிங்கப்பூரிலிருந்து ஆண்ட பிரிட்டிஷ் நிர்வாகம். 1851 அக்டோபரில் விளக்கு ஏற்றப்பட்டது முதல் அதை இடைவிடாமல் நடத்தி வருவதும் சிங்கப்பூர் நிர்வாகமே. ஆகவே அந்தத் தீவு சிங்கப்பூருக்கு உரியது.'

இந்த வாதம் எதை நம்பியிருக்கிறது?

அ. ஒரு கலங்கரை விளக்கத்தை யார் நடத்துகிறாரோ, அது நிற்கும் நிலம் எப்போதும் அவருக்கே உரியது.

ஆ. சிங்கப்பூர் அந்த விளக்கத்தை நடத்தியது, நிலத்துக்கு உரிய வேறோர் அரசின் அனுமதியோடு வேலை பார்த்த வெறும் நடத்துநராக மட்டும் அல்ல.

இ. அந்தப் பாறை ஜொகூருக்கு ஒருபோதும் சொந்தமாக இருந்ததில்லை.

ஈ. அந்த விளக்கத்தால் அவ்வழியே போகும் கப்பல்கள் பயனடைந்தன.

ஈ-யை எல்லாரும் தள்ளிவிடுவார்கள். பத்தில் ஏழு பேர் அ-வைத் தொடுவார்கள் என்று சொன்னால் அது வெறும் மதிப்பீடுதான், ஆனால் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கும். அதைத் தொடத் தோன்றுவதும் இயல்பே. அ-வை உண்மை என்று வைத்துக்கொண்டால் முடிவு தப்பாமல் வந்து விழும். ஆதாரத்தையும் முடிவையும் அவ்வளவு இறுக்கமாகக் கட்டிவிடுகிறது அது. மாணவர் மனம் வாதத்தை ஜெயிக்க வைக்கும் கூற்றைத் தேடுகிறது. கேள்வியோ, எது இல்லாவிட்டால் வாதம் விழுந்துவிடும் என்று கேட்கிறது. போதுமான எடுகோள் வேறு, இன்றியமையாத எடுகோள் வேறு.

பூலாவ் பீசாங் உதவிக்கு வருவது இங்கேதான். அந்தத் தீவிலுள்ள விளக்குக்கும் அதற்கான பாதைக்கும் 1900ஆம் ஆண்டு ஜொகூர் சுல்தான் இப்ராகிம், சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்ற அரசுக்கு எழுத்துமூலம் நிலம் ஒதுக்கிக் கொடுத்தார். அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாகத்தான் சிங்கப்பூர் இன்றும் அந்த விளக்கை நடத்துகிறது. வாடகை வீட்டுக்கு முப்பது வருஷம் மின்கட்டணம் கட்டினாலும் வீடு நம் பெயருக்கு வந்துவிடாது அல்லவா? ஆக, விளக்கை நடத்துகிறவரே எப்போதும் நில உரிமையாளர் என்பது பொய். அ விழுந்தது.

ஆனால் அ விழுந்ததால் பத்து பூத்தே வாதமும் விழுந்துவிட்டதா? இல்லை. பீசாங்கில் அப்படி இருக்கலாம், பத்து பூத்தேயில் நிலைமை வேறு என்று சிங்கப்பூர் சொல்லலாம், சொல்லவும் செய்தது. ஒரு கூற்று பொய்யான பிறகும் வாதம் நின்றுகொண்டிருக்கிறது என்றால், அந்தக் கூற்றின்மேல் அது நிற்கவில்லை என்று பொருள். இதைத்தான் மறுத்துப் பார்க்கும் சோதனை என்கிறோம். தெரிவை எடுத்து அதன் எதிர்மறையை வாதத்துக்குள் வைக்க வேண்டும். வாதம் சரிந்தால் அது இன்றியமையாதது. அசையாமல் நின்றால் அது வேண்டாதது.

ஆ-வை மறுத்துப் பாருங்கள். 'சிங்கப்பூர் அங்கே வேறோர் அரசின் அனுமதி பெற்ற நடத்துநராக மட்டுமே இருந்தது.' உடனே வாதத்தின் மூச்சு நின்றுவிடுகிறது. நூறு ஆண்டு நடத்தினால் என்ன, நூற்றைம்பது ஆண்டு நடத்தினால் என்ன? ஆ-தான் விடை. அதன் குரல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'எப்போதும்', 'எல்லா இடத்திலும்' போன்ற சொற்கள் அதில் இல்லை. ஒரே ஒரு இடத்தில் ஒரே ஒரு ஆபத்து இல்லை என்று மட்டும் சொல்கிறது. இன்றியமையாத எடுகோள்கள் பெரும்பாலும் இப்படி அடக்கமானவையாகவே இருக்கும்.

மூன்றாவது தெரிவான இ, நன்றாகப் படிக்கும் மாணவர்களைக் கவிழ்ப்பது. ஜொகூருக்கு அது சொந்தமாகவே இருந்ததில்லை என்பது சிங்கப்பூருக்கு வேண்டிய கூற்றுதானே என்று தோன்றும். சிங்கப்பூரின் வழக்கறிஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது! 1847இல் அந்தப் பாறை யாருக்கும் உரிமையற்றதாகக் கிடந்தது, பிரிட்டிஷ் அரசு அதை முறைப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் அவர்கள் முதலில் கட்டிய வழக்கு. அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜொகூர் சுல்தானகம் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து அந்தக் கடற்பரப்பை ஆண்டது, ஓராங் லாவுட் எனும் கடலோடி மக்கள் அந்த நீர்ப்பரப்பில் சுல்தானின் குடிகளாக வாழ்ந்தார்கள், வேறெந்த அரசும் அந்தப் பாறைகளுக்கு உரிமை கோரவில்லை என்பவற்றை எல்லாம் பார்த்து, ஆதி உரிமை ஜொகூருடையதே என்று முடிவு செய்தது. இ தெளிவாகப் பொய்யானது. அப்படியும் தீவு சிங்கப்பூருக்கே போயிற்று. மறுத்துப் பார்க்கும் சோதனையை ஓர் உலக நீதிமன்றமே நடத்திக் காட்டிய மாதிரி இருக்கிறது.

இப்போது மலேசியாவின் வாதத்தை எடுத்துக்கொள்வோம். சுருக்கினால் அது இப்படி வரும்: தீவு தொன்றுதொட்டு ஜொகூருக்கு உரியது. பிரிட்டிஷார் விளக்கு கட்டியது ஜொகூரின் சம்மதத்தோடு. ஆகவே அது இன்றும் மலேசியாவுடையது.

முதல் ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்றது என்று பார்த்தோம். இரண்டாவதில் ஒரு சிக்கல். நீரிணைக் குடியேற்ற ஆளுநர் பட்டர்வொர்த் விளக்கு கட்ட அனுமதி கேட்டதும், ஜொகூர் சுல்தானும் தெமெங்கோங் எனும் தலைவரும் 1844 நவம்பரில் சம்மதம் தெரிவித்துப் பதில் எழுதியதும் உண்மை. ஆனால் அவர் அனுப்பிய கடிதங்கள் கிடைக்கவில்லை, பதில்கள்தாம் இருக்கின்றன. அந்தச் சமயத்தில் பேசப்பட்ட இடம் ஜொகூர்க் கரையின் ரொமேனியா முனைக்கு அருகிலுள்ள வேறொரு பாறை. பிறகுதான் பத்து பூத்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. கொடுத்த சம்மதம் புதிய இடத்துக்கும் பொருந்துமா? பீசாங்கில் 1900ஆம் ஆண்டு ஆவணம் இந்தக் கேள்விக்கே இடம் வைக்கவில்லை. பத்து பூத்தேயில் அப்படி ஒரு தாள் இல்லாமல் போனது. விளக்கு கட்டியதை வைத்து இறையாண்மை பற்றி எந்த முடிவுக்கும் வர நீதிமன்றம் மறுத்துவிட்டது. அனுமதி கொடுத்தது மலேசியாவுக்கும் உதவவில்லை, கட்டியது சிங்கப்பூருக்கும் உதவவில்லை.

மலேசிய வாதத்தின் உண்மையான இடைவெளி வேறிடத்தில் இருந்தது. 'அன்று உரியது' என்பதிலிருந்து 'இன்றும் உரியது' என்பதற்குத் தாண்டுகிறார்கள். நடுவில் உரிமை கைமாறவில்லை என்பது சொல்லப்படாத எடுகோள். மறுத்துப் பாருங்கள்: நடுவில் எங்கோ கைமாறிவிட்டது. முடிவு நிற்காது. நீதிமன்றம் போன பாதையும் இதுதான். ஆதாரத்தை ஏற்றுக்கொண்டு, எடுகோளை மறுத்து, முடிவைத் தள்ளியது. 12க்கு 4 என்ற வாக்கில்.

எப்போது கைமாறியது என்று தேதி குறிக்கவில்லை. 1980க்குள் மாறியிருந்தது என்றார்கள். 1979 டிசம்பரில் மலேசியா வெளியிட்ட கடல் எல்லை வரைபடத்தில் பத்து பூத்தே மலேசிய எல்லைக்குள் காட்டப்பட்டது. 1980 பிப்ரவரி 14 அன்று சிங்கப்பூர் அதை எதிர்த்து எழுதியது. தகராறு தொடங்கிய நாள் அது. அதற்கு முன் நடந்தவைதான் கணக்கு.

அவற்றில் எல்லாரும் அறிந்தது 1953ஆம் ஆண்டுக் கடிதம். அந்த ஜூன் மாதம், சிங்கப்பூர் காலனிச் செயலாளர் அலுவலகம் ஜொகூரின் பிரிட்டிஷ் ஆலோசகருக்கு எழுதியது. காலனியின் கடல் எல்லையை வரையறுக்க வேண்டியிருக்கிறது, இந்தப் பாறை குத்தகைக்கோ மானியமாகவோ கொடுக்கப்பட்டதா, விட்டுக்கொடுக்கப்பட்டதா என்று விசாரித்தது. செப்டம்பர் 21ஆம் தேதி ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதினார். பத்து பூத்தேயின் உடைமைக்கு ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை என்பதுதான் அந்தப் பதிலின் சாரம்.

இந்தக் கடிதத்தை வைத்து இரண்டு வாதங்கள் கட்டலாம். இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே, முடிவின் அளவு மட்டும் வேறு. எடுகோள் கேள்விகளின் சூட்சுமம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது என்பேன்.

முதல் வாதம்: ஜொகூர் அப்படி எழுதியது, ஆகவே அன்றே தீவை விட்டுக்கொடுத்துவிட்டது. இதற்கு எடுகோள், அந்த அதிகாரிக்கு நிலத்தை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் இருந்தது என்பது. மலேசியா கை வைத்தது இங்கேதான். 1948ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி ஜொகூரின் வெளிவிவகாரம் பிரிட்டன் கையில் இருந்தது, ஒரு செயலாளர் எப்படித் தீவைத் தர முடியும் என்று கேட்டது. மறுப்புச் சோதனையில் வாதம் விழவே செய்கிறது.

இரண்டாவது வாதம்: ஜொகூர் அப்படி எழுதியது, ஆகவே 1953இல் அந்தத் தீவு தனக்குரியது என்று ஜொகூர் கருதவில்லை. முடிவு சுருங்கிவிட்டது. அதிகாரம் இருந்ததா என்ற கேள்வியை இப்போது மறுத்துப் பாருங்கள். அதிகாரம் இல்லாத அதிகாரி எழுதினாலும், ஜொகூர் அலுவலகம் எப்படிப் புரிந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்தத் தாள் சாட்சியாகத்தான் இருக்கும். வாதம் விழவில்லை. முன்பு இன்றியமையாததாக இருந்த எடுகோள் இப்போது வேண்டாததாகிவிட்டது. நீதிமன்றம் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாம் வடிவம். அது நிலத்தைக் கொடுக்கும் பத்திரம் இல்லை, ஒரு தகவல் விசாரணைக்கு வந்த பதில் என்றது. ஜொகூரைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி என்று அதை ஏற்கவில்லை. ஆயினும் பெரிய முக்கியத்துவம் உள்ளது என்று எடுத்துக்கொண்டது.

உடைமை வேறு, இறையாண்மை வேறு என்றும் மலேசியா வாதிட்டது. கொள்கையளவில் அது சரிதான். சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் மலேசியர் ஒருவர் கட்டடம் வாங்கினால் சாலை மலேசியாவாகிவிடாது. ஆனால் கேள்வி கடல் எல்லையைப் பற்றி எழுந்தது, பதிலும் அதற்குத்தான் வந்தது, அங்கே உடைமை என்பதற்கு வேறு பொருள் சொல்ல முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. இந்த இடத்தில் நீதிபதிகள் சொன்னதே சரி என்று எனக்குப் படுகிறது. கேள்வியைப் பார்க்காமல் பதிலை மட்டும் வாசிக்கக் கூடாது.

பீசாங் இந்த வழக்குக்குள் மறுபடியும் நுழைவது மௌனத்தின் விஷயத்தில். இந்த முறை அது மலேசியாவுக்கு எதிராகத் திரும்புகிறது.

1953க்குப் பிறகு சிங்கப்பூர் பத்து பூத்தேயில் கொடி ஏற்றியது, அருகே நடந்த கப்பல் விபத்துகளை விசாரித்தது, 1970களில் அங்கே வர விரும்பிய மலேசிய அதிகாரிகளை முன் அனுமதி பெறச் செய்தது. மலேசியா எதிர்க்கவில்லை. ஆகவே ஏற்றுக்கொண்டது என்பது சிங்கப்பூரின் வாதம். மௌனத்திலிருந்து சம்மதத்துக்குத் தாவும் எந்த வாதத்துக்கும் ஓர் எடுகோள் தேவை: எதிர்ப்பு இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பார்கள். மலேசியா இத்தகைய விஷயங்களில் வாய் திறக்கும் வழக்கமே இல்லாத நாடாக இருந்திருந்தால், அல்லது கொடிக்கு எந்த அர்த்தமும் இருப்பதாக அது கருதியிருக்காவிட்டால், மௌனத்துக்கு எடையே இல்லை.

ஆனால் 1968இல் பூலாவ் பீசாங் விளக்கத்தில் சிங்கப்பூர்க் கொடி பறந்தபோது மலேசியா ஆட்சேபித்தது. சிங்கப்பூர் இறக்கிக்கொண்டது. கொடி என்றால் என்ன என்று மலேசியாவுக்குத் தெரிந்திருந்தது, வாய் திறக்கவும் தெரிந்திருந்தது, அதே சமயம் பத்து பூத்தேயில் பறந்த கொடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எடுகோளுக்குப் பீசாங்கே சான்றாகிவிட்டது. கப்பற்கொடி இறையாண்மையின் அடையாளம் இல்லை என்று மலேசியத் தரப்பு சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனினும் நீதிமன்றம் அந்த மௌனத்துக்கு ஓரளவு எடை கொடுத்தது.

வரைபடங்களில் நடந்தது இன்னும் நுட்பமானது. 1962 முதல் 1975 வரை மலாயாவும் மலேசியாவும் வெளியிட்ட வரைபடங்கள் சிலவற்றில் பத்து பூத்தேயின் அருகே 'சிங்கப்பூர்' என்று அச்சிட்டிருந்தது. விளக்கை நடத்துவது யார் என்பதைக் காட்டத்தான் அப்படிப் போட்டார்கள் என்றது மலேசியா. நல்ல விளக்கம், முதல் பார்வைக்கு. அது எதை நம்பியிருக்கிறது? சிங்கப்பூர் நடத்தும் விளக்கு இருக்கும் இடங்களையெல்லாம் அந்த வரைபடம் அப்படியே குறித்தது என்பதை. பூலாவ் பீசாங்கைப் பார்த்தார்கள். அதன் அருகே அந்தச் சொல் இல்லை. எடுகோள் உடைந்தது, விளக்கமும் கூடவே உடைந்தது.

ஒரே தீவு இரு பக்கமும் வெட்டியது இப்படித்தான். 'விளக்கு என்றாலே உரிமை' என்ற பெரிய கூற்றைப் பொய்யாக்கி மலேசியாவுக்கு உதவியது. 'குறி விளக்குக்காக மட்டுமே' என்ற விளக்கத்தை உடைத்துச் சிங்கப்பூருக்கு உதவியது. ஒப்பீடு என்பது யாருக்குச் சாதகம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எந்த எடுகோளோடு அதை உரசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

பத்து பூத்தேயிலிருந்து வெறும் 0.6 கடல் மைல் தெற்கே இருக்கின்றன மிடல் ராக்ஸ் எனும் பாறைகள். அவற்றுக்கும் மலேசியா அதே வாதத்தைத்தான் வைத்தது: ஆதி உரிமை ஜொகூருடையது, ஆகவே இன்றும் மலேசியாவுடையது. அங்கே விளக்கில்லை, கொடியில்லை, 1953ஆம் ஆண்டுக் கடிதமும் அவற்றைத் தொடவில்லை. நடுவில் கைமாறவில்லை என்ற எடுகோள் அப்படியே நின்றது. 15க்கு 1 என்ற வாக்கில் மிடல் ராக்ஸ் மலேசியாவுக்குக் கிடைத்தது. சிங்கப்பூர் நியமித்த இந்திய நீதிபதி சீனிவாச ராவ் மட்டும் மாறுபட்டார். ஒரே வாதம், ஒரே நாள், ஒரே நீதிமன்றம். ஓரிடத்தில் தோற்று, கூப்பிடு தூரத்தில் ஜெயித்தது, எடுகோள் ஒன்றினால். மூன்றாவது இடமான சவுத் லெட்ஜ் கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டுவது. அது எந்த நாட்டின் கடலில் இருக்கிறதோ அந்த நாட்டுக்கு என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

இந்தச் சிந்தனை முறை தமிழ் வாசகருக்குப் புதிதல்ல என்று சொல்ல ஒரு சான்று உண்டு. மணிமேகலையில் சமயக் கணக்கர்கள் தங்கள் தங்கள் அளவைகளைச் சொல்லும் பகுதியில் அருத்தாபத்தி என்று ஒன்று வருகிறது. ஆயர் குடி கங்கையில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், கங்கையின் கரையில் இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்வது. ஆற்று நீருக்குள் ஊர் இருக்க முடியாதாகையால், சொன்னது நிற்க வேண்டுமானால் கரை என்பதைச் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பொருந்தாது என்ற இடத்தில் விடுபட்டதைக் கொண்டுவந்து வைப்பது, அங்கும் இங்கும் ஒரே கைவேலை. ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். அருத்தாபத்தியில் சொன்னது உண்மை என்று ஏற்றுக்கொண்ட பிறகே தொடங்குகிறோம், ஆகவே சேர்த்ததும் உண்மையாகிறது. தேர்வு வாதத்தில் அப்படி இல்லை. எடுகோள் பொய்யாக இருக்கலாம். 'இது உண்மையில்லையே' என்று சரியான விடையைத் தள்ளிவிடும் பிள்ளைகள் இதை மறந்துவிடுகிறார்கள். மலேசியாவின் 'கைமாறவில்லை' என்பது நீதிமன்றத்தின் பார்வையில் பொய். அதற்காக அது மலேசிய வாதத்தின் இன்றியமையாத எடுகோள் இல்லை என்றாகிவிடாது.

தேர்வு அறைக்கும் நீதிமன்றத்துக்கும் உள்ள தூரத்தையும் சொல்லியாக வேண்டும். தேர்வில் முடிவு கல்லில் செதுக்கியது போல நிற்கும். அதை நீங்கள் சுருக்கவோ நீட்டவோ முடியாது. 1953ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு நீதிமன்றம் செய்ததைத் தேர்வில் செய்தால் மதிப்பெண் போய்விடும். வழக்கறிஞராகப் போகிறவருக்கோ, முடிவைச் சுருக்கிச் சுமையைக் குறைக்கத் தெரிவதுதான் பாதித் தொழில். தேர்வு இதை அளப்பதில்லை என்பது என் மனக்குறை. இன்னொன்று, தேர்வில் ஒரே சரியான விடை உண்டு. ஹேக்கில் நால்வர் மாறுபட்டார்கள். நீதிபதிகள் சிம்மாவும் ஆப்ரகாமும் சேர்ந்து எழுதிய மறுப்பை முதலில் படிக்க வேண்டும். நடத்தையால் உரிமை கைமாறலாம் என்ற கொள்கையை அவர்கள் மறுக்கவில்லை. இந்த வழக்கின் நிகழ்வுகள் அதற்குத் தேவையான அளவு தெளிவாக இல்லை என்றார்கள். இறையாண்மை கைமாறியது ஐயத்துக்கு இடமின்றித் தெரிய வேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பே சொல்கிறது. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொடியும் கொஞ்சம் வரைபடமும் ஒரு பழைய கடிதமும் போதுமா என்று அவர்கள் கேட்டது வலுவான கேள்வி. மலேசியா நியமித்த நீதிபதி ஜான் டுகார்டும் மாறுபட்டவர்களில் ஒருவர்.

'ஒரு கடிதம் எழுதித் தீவைத் தொலைத்துவிட்டார்கள்' என்று கோப்பிக் கடைகளில் இன்றும் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு அடியிலும் ஓர் எடுகோள் இருக்கிறது: கடிதம் இல்லாதிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும். அதை நிறுவ யாராலும் முடியாது. நீதிமன்றம் கடிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதவில்லை. இருபத்தேழு ஆண்டு மௌனத்தையும் சேர்த்துத்தான் எழுதியது. கடிதம் எழுதிய ஒரு செயலாளரைத் திட்டுவது எளிது. அவருக்குப் பிறகு வந்த அத்தனை அலுவலகங்களும் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பதற்குத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

2017இல் மலேசியா தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கோரியது. லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த தாள்கள், 1953க்குப் பிறகும் சிங்கப்பூர் அதிகாரிகள் அந்தத் தீவைத் தங்களுடையதாகக் கருதவில்லை என்று காட்டுவதாகச் சொன்னது. அந்த வாதமும் ஓர் எடுகோளின்மேல் நின்றது: அந்தத் தாள்கள் முன்பே நீதிமன்றத்தின் முன் இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும். அது நிற்குமா நிற்காதா என்று சோதிக்கப்படவே இல்லை. 2018 மே மாதம், ஆட்சி மாறிய சில வாரங்களுக்குள் மலேசியா மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சிங்கப்பூர்த் தரப்பில் வழக்கை நடத்திய எஸ். ஜெயகுமாரும் டாமி கோவும் இதைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். ஆனால் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் அதற்கு முன்னால் தீர்ப்பையே படிக்க வேண்டும். அனைத்துலக நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்னொரு பயிற்றி வாங்கும் காசை மிச்சம் பிடியுங்கள். 1953ஆம் ஆண்டுக் கடிதத்தை அலசும் பகுதியை எடுத்து, ஒவ்வொரு 'ஆகவே'வுக்கும் முன்னால் நிறுத்தி, நடுவில் விடுபட்டது என்ன என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு சிம்மா, ஆப்ரகாம் எழுதிய மறுப்பைப் பக்கத்தில் வைத்து, அவர்கள் அதில் எதை மறுக்கிறார்கள் என்று பாருங்கள்.